தண்ணீர் மட்டும்

விளையாட்டுக்காரர்களின் வீட்டில் அவர் தண்ணீர் மட்டும்தான் குடிப்பார். கோப்பி இல்லை, தேநீர் இல்லை, ஒரு பிஸ்கட்கூட இல்லை. என்னை முதன்முதலாகக் கூட்டிக்கொண்டு போன அன்றே காருக்குள் இதைச் சொல்லிவிட்டார். "ஒரு தாய் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டால், அவள் மகனைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுத எனக்கு மனம் வராது."

அவர் ஒரு அமெரிக்க பேஸ்போல் கழகத்துக்காக ஐரோப்பா முழுக்க ஆள் பார்த்துத் திரிபவர். ஸ்கௌட் என்பார்கள். பிறந்தது டொமினிக்கன் நாட்டில். ஒரு காலத்தில், எறிபவனுக்கு எதிரே குந்தியிருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சராக இருந்தவர். முழங்கால்கள் இரண்டும் போன பிறகு ஒல்லாந்தில் கல்யாணம் கட்டி அங்கேயே இருந்துவிட்டார். சுவிசுக்கு வரும் நாட்களில் நான்தான் அவருக்குச் சாரதி. பந்தின் வேகத்தை அளக்கும் கருவியைப் பிடிப்பவனும் நான்தான். இருவரும் ஸ்பானிஷில் கதைப்போம். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சிலோன் என்றுதான் கூப்பிடுவார்.

எனக்கு எப்படி ஸ்பானிஷ் வந்தது என்று எங்கள் ஆட்கள் கேட்பார்கள். யாழ்ப்பாணத்தில் எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. கனடாவுக்கு என்று கூட்டிக்கொண்டு போன ஏஜென்சிக்காரன் எங்களைச் சாந்தோ டொமிங்கோவில் ஒரு வீட்டில் விட்டுவிட்டுக் காணாமல் போனான். ஒரு மழைக்காலம் போய், வெயில்காலமும் போனது. வீட்டுக்கு முன்னால் ஒரு வெறும் வளவு. அங்கே பையன்கள் பால் பெட்டியை மடித்துக் கையுறையாகப் போட்டுக்கொண்டு விளையாடுவார்கள். பசி தெரியாமல் இருக்கட்டும் என்று வேலியோரம் போய் நின்றேன். பிறகு பந்து பொறுக்கிக் கொடுத்தேன். பிறகு கேட்சராகக் குந்த வைத்தார்கள். அந்த இடத்துக்கு யாரும் விரும்பி வருவதில்லை, பந்து உடம்பில் படும்.

கனடா கிடைக்கவில்லை. வேறு வழியால் சுவிசுக்கு வந்து, டாவோஸில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினேன். பக்கத்துத் தொட்டியில் சட்டி கழுவியவன் ஒரு டொமினிக்கன். லீவு கிடைத்த ஞாயிறுகளில் இருவருமாக ரயிலேறிப் போய் விளையாடினோம். அதன் பிறகு லா ஷோ-து-ஃபோனில் மணிக்கூட்டுத் தொழிற்சாலை, பிறகு வீடு மாற்றுபவர்களின் லொறி, பிறகு பஸ் கழுவும் இடம். ஓரிடத்தில் இரண்டு குளிர்காலம் நான் நின்றது குறைவு. நிலையாக இருந்தது அந்தப் பந்து ஒன்றுதான்.

ஒவ்வொரு ஆண்டும் ஜூலையில் அமெரிக்காவின் தொழில்முறைக் கழகங்கள் அங்கே பள்ளியிலும் கல்லூரியிலும் விளையாடும் பிள்ளைகளை முறை வைத்துப் பெயர் சொல்லி எடுக்கும். ட்ராஃப்ட் என்பது அதுதான். சொல்லப்படும் பெயர்களுக்குப் பின்னால் எங்களைப் போல வெயிலில் நின்று பார்த்து எழுதியவர்கள் இருக்கிறார்கள். ஸ்கௌட்டுகள் கை தட்டக் கூடாது. முகத்தில் எதையும் காட்டக் கூடாது. பெற்றோருக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. இவையெல்லாம் எல்லோருக்கும் பொது. தண்ணீர் மட்டும் என்பது அவருடைய சொந்தச் சட்டம்.

அவர் ஒருவர் வீட்டில் சாப்பிட்டதை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தேன். லா ஷோ-து-ஃபோனில் ஒரு கேட்சர் பையனின் வீடு. அவனுடைய அம்மா உருக்கிய சீஸைப் பாணோடு கொண்டுவந்து வைத்தாள். அவர் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, சட்டியின் அடி தெரியும்வரை சாப்பிட்டார். திரும்பி வரும்போது, "இன்றைக்குச் சாப்பிட்டீர்களே" என்றேன்.

"அந்த வீட்டில் எனக்கு இனி வேலை இல்லை, சிலோன். விருந்தாளி சாப்பிடலாம்."

அந்தப் பையனைப் பற்றி அதற்குப் பிறகு அவர் கதைக்கவே இல்லை.

வில் நகரத்துப் பையனைக் கண்டுபிடித்தது அவரா நானா என்று எங்களுக்குள் சின்ன இழுபறி உண்டு. எங்கள் ஆட்களின் பிள்ளை. இங்கே பிறந்தவன். தகப்பன் அங்கே ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை, தாய் முதியோர் இல்லத்தில் துப்புரவு. பையன் நெடுவல், இடது கையால் எறிபவன். அவன் தோளில் இருந்து வரும் பந்து கடைசி நேரத்தில் கொஞ்சம் உள்ளே திரும்பும். அவன் அமெரிக்காவில் ஓர் ஈராண்டுக் கல்லூரிக்குப் புறப்படுவதற்கு முந்தைய கோடையில் முதல் முறை அந்த வீட்டுக்குப் போனோம்.

தாய் மேசை நிறையப் பலகாரம் வைத்திருந்தா. அவர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, தாயையும் மகனையும் சுவரோரம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு தகப்பனின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். பிள்ளையின் உடம்பு இன்னும் எவ்வளவு வளரும், எங்கே சதை பிடிக்கும் என்பதை ஸ்கௌட்டுகள் தாய் தகப்பனைப் பார்த்துத்தான் கணிப்பார்கள்.

"என்னண்ணை, மாட்டுச் சந்தையிலை நிக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார் தகப்பன்.

"நீங்கள் பேசாமல் நில்லுங்கோ" என்றா தாய். பிறகு என் பக்கம் திரும்பி, "உவர் எங்கட வீட்டிலை கை நனைக்க மாட்டாராமோ?" என்று கேட்டா.

"அது அவற்றை தொழில் வழக்கம், தங்கச்சி. ஒருத்தற்றை வீட்டிலையும் சாப்பிடமாட்டார்."

"மாப்பிள்ளை பாக்க வாறவைகூட ஒரு வடை எடுப்பினம்."

மகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றான். எனக்கு மாமா முறை வைத்துக் கூப்பிடுவான். "மாமா, வடையை நீங்கள் எடுங்கோ. இல்லாட்டி அம்மா இண்டைக்கு நித்திரை கொள்ளமாட்டா."

அவன் போன முதல் குளிர்காலத்தில் இடது முழங்கையில் வலி வந்து பல வாரம் பந்தைத் தொடவில்லை. அங்கே அவனைப் பார்த்தவர்கள் அரை மனத்தோடு எழுதினார்கள். வசந்தத்தில் கை சரியாகி நன்றாகத்தான் எறிந்தான். ஆனாலும் சந்தேகம் போகவில்லை. ஜூனில் அவன் வீட்டுக்கு வந்து உள்ளூர் அணிக்கு ஆடியபோது, ட்ராஃப்டுக்கு முன்னால் கடைசியாக ஒரு முறை பார்த்து எழுது என்று ஸ்கௌட்டுக்குச் சொல்லப்பட்டது. வேறு எந்தக் கழகமும் வில்லுக்கு ஆள் அனுப்பப் போவதில்லை. அந்த ஒரு ஞாயிறுதான் பையனுக்கு இருந்தது. அது அவனுக்கும் தெரியும், அவன் வீட்டுக்கும் தெரியும்.

அதற்கு முதல் நாள் சனிக்கிழமை எங்கள் அம்மன் கோயிலில் தேர். நான் பக்திக்காரன் அல்ல. ஆனால் தேரன்று அன்னதானத்துக்குப் போகாமல் இருந்ததில்லை. தொழிற்பேட்டைக்குள் கோயில். இரண்டு பக்கமும் களஞ்சியங்கள். பொலிஸ் தெருவை மறித்திருந்தது. தார் ரோட்டுச் சூடு காலைச் சுடாமல் இருக்க ஒருவர் தோட்டக் குழாயால் தண்ணீர் அடித்துக்கொண்டே முன்னால் போனார். தவிலும் நாதஸ்வரமும் ஒரு டயர்க் கடையின் தகரக் கதவில் பட்டுத் திரும்பி வந்தன. தேருக்கு முன்னால் காவடிகள் வந்தன. கடைசியாக வந்த காவடி மற்றவர்களின் தலைக்கு மேலே தெரிந்தது. எடுத்து ஆடியவன் அவ்வளவு உயரம்.

முதுகில் செடில் குத்தியிருந்தது. தோலில் ஏற்றிய கொளுக்கிகளில் இருந்து கயிறுகள் பின்னால் போயின. கயிறுகளைப் பிடித்திருந்தவர் தகப்பன். பையன் முன்னால் இழுத்து ஆட, தகப்பன் பின்னால் இழுத்துப் பிடித்தார். எறிபவனுக்கு வேகம் காலில் தொடங்கி முதுகு வழியாகத்தான் கைக்கு வரும். அந்த முதுகுத் தோல் கூடாரத் துணி போல இழுபட்டு நின்றது.

தாய் ஈரச் சேலையோடு, கையில் செம்புடன் பக்கத்தில் வந்துகொண்டிருந்தா.

"தங்கச்சி, தம்பிக்கு நாளைக்கு எறிய இருக்கெல்லோ?"

"ஓம் அண்ணை."

"இதை அடுத்த வருசத்துக்குத் தள்ளியிருக்கலாமே?"

அவ என்னை விளங்காதவனைப் பார்ப்பது போலப் பார்த்தா. "கை சுகமாகினால் செடில் காவடி எடுப்பிக்கிறன் எண்டு அம்மாளுக்கு நேந்தனான். கை சுகமாகிட்டுது. அந்தக் கடனைத் தீர்க்காமல் நாளைக்குப் போய் இன்னொண்டைக் கேக்கலாமோ? எந்த முகத்தோடை கேக்கிறது?"

அவ சொன்னதில் ஒரு ஒழுங்கு இருந்தது. அந்த ஒழுங்கு எனக்கும் தெரிந்ததுதான்.

காவடி இறக்கிய பிறகு பையனைக் கண்டேன். கொளுக்கி கழற்றிய இடங்களில் திருநீறு அப்பியிருந்தார்கள்.

"உன்னைக் கட்டாயப்படுத்தினவையோ?"

"இல்லை மாமா. நான்தான் ஓமெண்டனான். ஒவ்வொரு பந்துக்கும் அம்மா அங்கை இருந்து பயந்துகொண்டிருந்தால் என்னாலை எறியேலாது." பிறகு சுவிஸ் பையனாக, "ஊசி மாதிரித்தான், பெரிசா நோகேல்லை" என்றான்.

மறுநாள் மைதானத்தில் வெயில். அது ஊர்ப் பொதுப் புல்வெளி. பாதி உதைபந்தாட்டக்காரருக்கு, பாதி எங்களுக்கு. வேலிக்கு அப்பால் சோளம். அவரும் நானும் கேட்சருக்குப் பின்னால் வலையோரம் கதிரை போட்டோம். முதல் நாள் கண்டதை அவரிடம் நான் சொல்லவில்லை. கேட்டால் சொல்வது என்று இருந்தேன். ஆட்டம் தொடங்க முதல் ஒரு பையனைப் பற்றிக் காரணம் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "காது வேண்டாம், கண் போதும்" என்பார்.

முதல் ஆட்டப் பகுதியில் கருவி தொண்ணூறு மைலைத் தொட்டது. அவர் எண்ணைப் பார்க்கவில்லை, பையனின் காலைப் பார்த்தார். இரண்டாவதிலும் பரவாயில்லை. மூன்றாவதில் பையன் முழுதாகத் திரும்பாமல் கையால் மட்டும் தள்ளத் தொடங்கினான். எண் எண்பத்தைந்துக்கு இறங்கியது, பிறகு அதற்கும் கீழே. பந்து கடைசியில் திரும்பவில்லை. நேரே போனதை எதிரணியில் ஆடிய ஒரு தபால்காரன் அடித்துச் சோளத்துக்குள் அனுப்பினான். பையன் திரும்பி அதைப் பார்த்தபோது அவன் முதுகு எங்களுக்குத் தெரிந்தது. வெள்ளைச் சேர்ட்டில் இரண்டு வரிசையாகச் சின்னச் சின்னச் சிவப்புப் பொட்டுகள்.

"முதுகில் என்ன?" என்று கேட்டார்.

சொன்னேன். நேர்த்தி, கொளுக்கி, கயிறு, கயிறு பிடித்தது தகப்பன் என்பதுவரை. அவர் அடுத்த பந்தையும் அதற்கடுத்த பந்தையும் பார்த்தார். பிறகு, "நேற்று?" என்றார்.

"நேற்று."

"என் அம்மாவும் எனக்காக மாதாவின் கோயிலுக்கு முழங்காலால் போனவள்" என்றார். "ஆனால் நான் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்த பிறகு."

வேறு யாராவது சொல்லியிருந்தால் பகிடி என்று நினைத்திருப்பேன். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. நாலாவது பகுதியோடு பயிற்சியாளர் பையனை வெளியே எடுத்தார்.

மாலையில் வீட்டுக்குப் போவதாக முன்பே சொல்லியிருந்தது. தாய் விடியக்காலையிலேயே எழும்பிச் சமைத்திருக்க வேண்டும். திருவிழா இன்னும் முடியவில்லை, கடைசிப் பூசையான வைரவர் மடைவரை அந்த வீட்டில் மச்ச மாமிசம் இல்லை. மரக்கறி ரோல்ஸ், வடை, இடியப்பம், சொதி, கத்தரிக்காய்ப் பால்கறி. அவர் வந்து உட்கார்ந்தார். மகனிடம் இங்கிலிஷில் கேட்டார், "இரண்டு வாரம் பின்போட்டிருக்க முடியாதா?"

"தேர் அன்றைக்குத்தானே" என்றான் மகன்.

அவர் தலையாட்டினார். தகப்பன் போன முறை போலவே ஒரு கிளாஸ் தண்ணீரைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். அவர் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு கையை நீட்டி ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தார்.

தாயின் முகத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. ஓடிப்போய்ப் புதுப் பீங்கான் கொண்டுவந்தா. இடியப்பத்தை வைத்துச் சொதியை ஊற்றினா. அவர் எங்களைப் பார்த்துக் கையாலேயே பிசைந்து சாப்பிட்டார். போதும் என்று சொல்லவில்லை, வைத்ததையெல்லாம் சாப்பிட்டார்.

"சாப்பிடுங்கோ, சாப்பிடுங்கோ. சொல்லுங்கோ அண்ணை, உறைப்போ எண்டு கேளுங்கோ."

"நல்லாயிருக்காம்."

"இஞ்சை பாருங்கோ" என்று தகப்பனிடம் சொன்னா, "போன முறை தண்ணியோடை போனவர். இப்ப எங்கட ஆளாயிட்டார்."

"கடனைத் தீர்த்தம், பலன் தெரியுது" என்றார் தகப்பன்.

நான் கடித்த வடையைப் பீங்கானில் வைத்தேன். மேசையில் இருந்தவர்களில் அவரைத் தவிர, அந்தச் சாப்பாட்டின் அர்த்தம் தெரிந்தவன் நான் மட்டும்தான்.

திரும்பி வரும்போது அவர் காருக்குள் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். "காயம் ஆறிவிடும், எனக்குத் தெரியும்" என்றார். "ஆனால் இன்றைக்குக் கண்டதைத்தான் எழுதலாம். கீழே காரணத்தையும் எழுதுவேன். அங்கே இருப்பவர்கள் காரணத்தை வாசிப்பதில்லை, சிலோன். எண்ணை வாசிப்பார்கள்." கொஞ்சத் தூரம் போன பிறகு, "நல்ல சமையல்" என்றார்.

அடுத்த நாள் வேலை முடிந்து வில்லுக்குப் போனேன். பையன் வீட்டுக்குக் கீழே வாகனத் தரிப்பிடத்தில் நின்றான். அவனிடம் சொல்வதா விடுவதா என்று ரயிலில் யோசித்துக்கொண்டு வந்தேன். அவனே கேட்டான்.

"மாமா, அவர் என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லை. ஆனால் சாப்பிட்டவர்."

அவன் என் முகத்தைப் பார்த்தான். லா ஷோ-து-ஃபோன் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, காலணியால் தரையில் இருந்த வெள்ளைக் கோட்டைத் தேய்த்துக்கொண்டு நின்றான்.

"அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்" என்றான். "அவ இண்டைக்குத் தான் வேலை செய்யிற அல்டர்ஸ்ஹைமிலை எல்லாக் கிழவிமாருக்கும் சொல்லியிருக்கிறா, அமெரிக்காக்காரர் வந்து இடியப்பம் சாப்பிட்டவர் எண்டு."

"அவர் அமெரிக்காக்காரர் இல்லை."

"அது அம்மாவுக்கு எப்பவும் பிரச்சினை இல்லை."

இருவரும் கொஞ்சம் சிரித்தோம். அதற்குப் பிறகு அவன் கண்ணைத் துடைத்தான். நான் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ட்ராஃப்டில் முதல் நாள் பெரிய பெயர்களுக்கு. எங்களைப் போன்றவர்களுக்கு அடுத்த நாள்தான். அன்று மாலை அந்த வீட்டுக் கூடத்தில் உறவுக்காரர் சிலர் வந்திருந்தார்கள். தொலைக்காட்சியில் கணினியை இணைத்திருந்தார்கள். கோட்டுப் போட்ட ஒருவர் பெயர் பெயராக வாசித்தார். வந்தவர்கள் எல்லோரும் அவன் பெயருக்காகக் காத்திருந்தார்கள். காத்திருக்க ஒன்றுமில்லை என்று தெரிந்தவர்கள் பையனும் நானும்தான். ஆனாலும் ஒவ்வொரு பெயருக்கும் பையன் திரைப் பக்கம் குனிந்தான். நானும் குனிந்தேன். தெரிந்திருப்பது வேறு, நம்பாமல் இருப்பது வேறு. வாசிப்பு முடிந்து திரையில் விளம்பரம் வந்தது. ஒருவர் பின் ஒருவராகச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனார்கள்.

தகப்பன் என்னோடு படிவரை வந்தார். "அந்தக் காவடியாலையோ அண்ணை?"

"எண் குறைஞ்சுது. அது முதுகு நோவாலை" என்றேன். பொய் சொல்ல எனக்கு வரவில்லை. "ஆனால் முதுகு நோகாட்டிலும் எடுத்திருப்பினம் எண்டு ஒருத்தராலும் சொல்லேலாது. அதுவும் உண்மை."

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கயிறு பிடித்த கை. உள்ளே குசினியில் தண்ணீர் ஓடும் சத்தம் நின்றது. தாய் வாசலுக்கு வந்தா. கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறா.

"நான் கேட்டது கை சுகமாக" என்றா. "கை சுகம்தானே." சொல்லிவிட்டு உள்ளே போனா. தண்ணீர் திரும்பவும் ஓடத் தொடங்கியது.

ஓகஸ்டில் பையன் கல்லூரிக்குத் திரும்பிப் போனான். நானும் ஊர் மாறினேன், சூரிச் பக்கம் ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை. அங்கே இருந்துகொண்டு அவன் அனுப்பும் படங்களைப் பார்ப்பேன். இரண்டாம் ஆண்டில் தோள் அகன்றிருந்தது. தகப்பனின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தபோது ஸ்கௌட் கணித்த அதே இடங்களில் சதை பிடித்திருந்தது.

இந்தக் கோடையில் அவன் திரும்ப வந்தான். ட்ராஃப்ட் இன்னும் வரவில்லை. ஸ்கௌட்டும் வந்தார். யாரும் அனுப்பி அல்ல, தானாகக் கேட்டு வந்தார் என்று பிறகு தெரிந்தது. அதே புல்வெளி, அதே சோளம். தேர் அடுத்த கிழமை. இந்த முறை தகப்பன்தான் காவடி எடுக்கிறார், அதுவும் செடில் இல்லாத காவடி. ஏன் என்று நான் கேட்கவில்லை. ஆறாவது பகுதியிலும் கருவியின் எண் இறங்கவில்லை. பந்து கடைசி நேரத்தில் உள்ளே திரும்பியது. அந்தத் தபால்காரன் மூன்று முறை காற்றை அடித்துவிட்டுப் போய் உட்கார்ந்தான். நான் பக்கத்தில் பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை.

மாலையில் வீட்டுக்குப் போனோம். இந்த முறையும் தாய் நேரத்தோடு சமையலை முடித்து வைத்திருந்தா. மேசையில் கையை வைக்க இடம் இல்லை. போன ஆண்டு அவர் விரும்பிச் சாப்பிட்டார் என்று கத்தரிக்காய்ப் பால்கறியை அவருக்கு முன்னால் தள்ளி வைத்தா. அவர் கதிரையை மேசையில் இருந்து கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தண்ணீர் மட்டும்" என்றார்.

நான் அதைத் தமிழில் சொன்னேன். தாய் கையில் அகப்பையோடு நின்றா. முகம் வாடிப்போனது.

"போன முறை சாப்பிட்டவர்தானே அண்ணை. என்ன பிழை விட்டனான்? உப்புக் கூடிப்போச்சோ எண்டு கேளுங்கோ."

"ஒரு பிழையும் இல்லை, தங்கச்சி."

"பின்னை ஏன்?"

நான் பையனைப் பார்த்தேன். அவன் ஏற்கெனவே எழும்பிவிட்டான். குசினிக்குப் போய்க் குழாயைத் திறந்து, தண்ணீர் குளிரும்வரை விட்டு, கிளாஸை விளிம்புவரை நிறைத்துக்கொண்டு வந்தான். வரும்போது கொஞ்சம் தரையில் சிந்தியது. அவர் இரண்டு கையாலும் வாங்கி, நிறுத்தாமல் குடித்து முடித்தார். பிறகு வெறும் கிளாஸை அவனிடம் நீட்டி, இன்னும் ஒன்று தரச் சொன்னார்.